சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு: சோர்வும் விசுவாசமும் பற்றி என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போன வருடம் பட்டர்வொர்த்தில் எங்கள் சபையில், நான் சோர்ந்து விழுந்ததையும் மீண்டதையும் பற்றிச் சாட்சி சொன்னேன். பத்து நிமிடம்தான். ஆராதனை முடிந்து சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போதே மூன்று பேர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார்கள். அப்புறம் வாட்ஸ்அப்பில் கேள்விகள் வந்துகொண்டே இருந்தன, பினாங்குத் தீவிலிருந்து, கூலிமிலிருந்து, கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்துகூட. ஒரே கேள்வியைப் பலர் கேட்டதால் பதில்களை இங்கே எழுதிவைக்கிறேன். நான் போதகர் இல்லை, மருத்துவரும் இல்லை. தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டு ஞாயிறு பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுக்கிறவள்.

உங்களுக்கு என்னதான் நடந்தது அக்கா?

பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் லைன் சூப்பர்வைசராக இருக்கிறேன். அப்போது பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். வீடு கடலுக்கு இந்தப் பக்கம் பட்டர்வொர்த்தில், அதனால் தினமும் பாலத்தைக் கடக்க வேண்டும். சபையில் ஞாயிறு பள்ளிப் பொறுப்பு, பாடல் குழு, வெள்ளிக்கிழமை வீட்டுக் கூட்டம், மாதம் ஒரு தடவை உபவாச ஜெபம் முடிந்ததும் எல்லாருக்கும் கஞ்சி. பதினோரு வருடம் இப்படியே ஓடியது. "அக்காவிடம் கொடுத்துவிட்டால் நடந்துவிடும்" என்பார்கள். அதைக் கேட்க எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதுவும் நோயின் ஒரு பகுதிதான்.

கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு முந்திய சனிக்கிழமை. ஷிப்ட் முடிந்து, பாலம் ஏறுவதற்கு முன்னால் ஒரு பெட்ரோல் நிலையத்தில் காரை நிறுத்தினேன். பின்சீட்டில் பிள்ளைகளுக்கான ஆட்டுக்குட்டி உடைகள் இருந்தன. சாவியைத் திருப்ப முடியவில்லை. கை நன்றாகத்தான் இருந்தது. திருப்ப வேண்டும் என்ற எண்ணம்தான் உள்ளே இல்லை. அழுகையும் வரவில்லை. ஒன்றரை மணி நேரம் கழித்து என் வீட்டுக்காரர் வந்து கூட்டிக்கொண்டு போனார். மறுநாள் நாடகம் நான் இல்லாமலே நடந்தது.

இது வெறும் களைப்பா, வேறு ஏதாவதா?

களைப்பு என்றால் தூங்கி எழுந்தால் போய்விடும். இது போகாது. உலகச் சுகாதார நிறுவனம் 2019ல் ஏற்றுக்கொண்ட நோய் வகைப்பாட்டில் வேலையால் வரும் இந்தச் சோர்வைப் பற்றிய விளக்கம் இருக்கிறது. அதை ஒரு நோய் என்று அவர்கள் சொல்லவில்லை. வேலையிடத்தில் நீண்ட நாள் கவனிக்காமல் விட்ட மன அழுத்தத்தின் விளைவு என்கிறார்கள். மூன்று அடையாளங்கள்: சக்தி வற்றிப்போவது, வேலையின்மேல் ஒட்டுதல் போய் வெறுப்பு வருவது, எதைச் செய்தாலும் உருப்படியாகச் செய்யவில்லை என்று தோன்றுவது.

சம்பள வேலையை மனதில் வைத்து எழுதிய விளக்கம் அது. ஆனால் படித்தபோது பாடல் குழுதான் எனக்கு ஞாபகம் வந்தது. மைக்கைப் பிடித்து "அவர் நல்லவர்" என்று பாடிக்கொண்டே, இந்தப் பாட்டு எப்போது முடியும் என்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்திருக்கிறேன்.

ஜெபம் குறைந்ததால்தான் இப்படி ஆகிவிட்டது என்கிறார்கள். உண்மையா?

என்னிடமும் சொன்னார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். அந்த வார்த்தை எனக்கு ஆறு மாதம் வலித்தது.

வேதத்தில் வருகிற எலியா தீர்க்கதரிசியைப் பாருங்கள். 1 இராஜாக்கள் 18ல் கர்மேல் பர்வதத்தில் அவர் ஜெபித்தார், வானத்திலிருந்து அக்கினி இறங்கியது. மறுபடி ஜெபித்தார், மழை வந்தது. ஆகாப் ராஜாவின் ரதத்துக்கு முன்னால் யெஸ்ரயேல் மட்டும் ஓடினார். ஜெபக் குறைவு என்று யாராவது சொல்ல முடியுமா? அடுத்த அதிகாரத்திலேயே ஆகாபின் மனைவி யேசபேலிடமிருந்து ஒரு மிரட்டல் வருகிறது. அந்த மனிதர் பெயெர்செபாவில் வேலைக்காரனை விட்டுவிட்டு, வனாந்தரத்தில் ஒரு நாள் நடந்து போய், ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்கிறார். பெரிய வெற்றி, பெரிய ஓட்டம், தனிமை, வெறும் வயிறு. சோர்வு வருவதற்கு இது போதாதா?

இந்த இடத்தில் தேவன் என்ன செய்தார் என்பதைத்தான் நான் எல்லாரிடமும் சொல்கிறேன். அவர் கண்டிக்கவில்லை, வசனமும் சொல்லவில்லை. எலியாவைத் தூங்கவிட்டார். தேவதூதன் வந்து தட்டி எழுப்பி, "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்றான். தலைமாட்டில் தழலில் சுடப்பட்ட அடையும் தண்ணீரும் இருந்தன. எலியா சாப்பிட்டார், குடித்தார், மறுபடியும் படுத்துக்கொண்டார். அதற்கும் யாரும் கோபப்படவில்லை. தூதன் இரண்டாம் தரமும் வந்து, "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்று சொல்லி மறுபடி சாப்பிடச் சொன்னான். பிரயாணம் தூரம் என்று தெரிந்தவர் ஓட்டத்தைக் கூட்டவில்லை, சாப்பாட்டைக் கூட்டினார்.

அதற்குப் பிறகு நாற்பது நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போன பின்தான் தேவனுடைய அந்த மெல்லிய சத்தம், கேள்வி, புதிய வேலை எல்லாம். முதலில் ஊட்டினார், அப்புறம்தான் பேசினார். நம் சபைகளில் இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது. சோர்ந்தவனிடம் முதலில் பேசுகிறோம். பேச்சைக் கேட்டு எழுந்து நின்றால்தான் சாப்பாடு.

ஊழியத்திலிருந்து விலகினால் தேவனுக்குத் துரோகம் செய்கிறேனோ என்று பயமாக இருக்கிறது.

யாத்திராகமம் 18ல் மோசே காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்து ஜனங்களுக்கு நியாயம் தீர்த்துக்கொண்டிருக்கிறார். செய்கிறது தேவனுடைய வேலைதான். மாமனார் எத்திரோ பார்த்துவிட்டு, "நீர் செய்கிற காரியம் நல்லதல்ல; நீரும் உம்மோடே இருக்கிற ஜனங்களும் தொய்ந்துபோவீர்கள்" என்கிறார். ஜனங்களும் தொய்ந்துபோவார்கள் என்பதை அடிக்கோடு போடுங்கள். நீங்கள் ஒருவரே எல்லாவற்றையும் சுமந்தால், சுமக்கக் கற்றுக்கொள்ள வேண்டிய பத்துப் பேருக்கு இடமில்லாமல் போகிறது. நான் விலகிய பிறகு ஞாயிறு பள்ளியை எடுத்துக்கொண்டவர்கள் இருபத்தி மூன்று வயதுப் பெண்கள் இரண்டு பேர். அவர்கள் மூன்று வருடமாகக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள்.

என் பாட்டி கெடாவில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். ஒரு நாள் சீவிய மரத்தை மறுநாள் விட்டுவிடுவார்கள்; பால் சுரக்க அந்த இடைவெளி வேண்டும். ஆசைப்பட்டு அதிகமாகச் சீவினால் பட்டை காய்ந்து பால் நின்றுவிடும். அப்படிப்பட்ட மரத்தை அடித்தாலும் உரம் போட்டாலும் உடனே சுரக்காது, சும்மா விட வேண்டும். "மரத்துக்கே லீவு இருக்கு, நமக்குத்தான் இல்லை" என்று பாட்டி சொல்வார். அவர் சொன்னது தோட்டத்து வாழ்க்கையைப் பற்றி. எனக்கு அது நாற்பத்து மூன்று வயதில்தான் புரிந்தது.

போதகரிடம் எப்படிச் சொல்வது? அவரே தனியாகக் கஷ்டப்படுகிறார்.

ஞாயிற்றுக்கிழமை வாசலில் நின்று சொல்லாதீர்கள். வார நாளில் நேரம் கேட்டு, முடிந்தால் கணவரையோ நண்பரையோ கூட்டிக்கொண்டு போங்கள். "கொஞ்சம் களைப்பா இருக்கு பாஸ்டர்" என்றால் "ஜெபிக்கிறேன்மா" என்று பதில் வரும், அதோடு முடிந்துவிடும். நான் இப்படிச் சொன்னேன்: "ஐயா, மார்ச் வரைக்கும் இந்த நான்கு பொறுப்பையும் என்னால் செய்ய முடியாது. ஆராதனைக்கு மட்டும் வருவேன். சில வாரம் அதற்கும் வராமல் இருக்கலாம். யாரையும் வைத்துக் கேட்டனுப்ப வேண்டாம்." தேதி சொன்னது இரண்டு பேருக்கும் உதவியது.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், தானும் இரண்டு வருடமாக ஒழுங்காகத் தூங்கவில்லை என்றார். ஆகவே, போதகர் கஷ்டப்படுகிறார் என்பதற்காக மறைக்காதீர்கள். ஒருவர் உண்மை பேசினால் அடுத்தவருக்கும் வாய் திறக்கும்.

ஷிப்ட் வேலையில் ஓய்வுநாளை எப்படி ஆசரிப்பது? ஞாயிறும் வேலை வருகிறது.

பத்துக் கட்டளை வேதத்தில் இரண்டு இடத்தில் இருக்கிறது. யாத்திராகமத்தில், தேவன் ஆறு நாளில் உண்டாக்கி ஏழாம் நாளில் ஓய்ந்தார், அதனால் ஓய்ந்திரு என்கிறது. உபாகமம் 5ல் காரணம் வேறு: நீ எகிப்தில் அடிமையாயிருந்தாய், அதை நினைத்துக்கொள். அடிமைக்கு லீவு கிடையாது. விடுதலையானவனுக்குத்தான் ஓய்வுநாள். இரண்டாவது காரணம் தோட்டத்துப் பிள்ளைகளான நமக்கு நன்றாகவே புரிய வேண்டும்.

எந்தக் கிழமை என்பதைவிட, வாரத்தில் ஒரு முழு நாள் உங்களுடையதாக இருக்கிறதா என்று பாருங்கள். மலேசிய வேலைவாய்ப்புச் சட்டமும் வாரத்துக்கு ஒரு முழு ஓய்வுநாள் தரச் சொல்கிறது. ஷிப்ட் தொழிலாளிக்கு அது தொடர்ச்சியாக 30 மணி நேரத்துக்குக் குறையக்கூடாது. 2023 ஜனவரி 1 முதல் வார வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 ஆகக் குறைந்திருக்கிறது. ஓ.டி (கூடுதல் நேர வேலை) வேண்டாம் என்று சொல்லப் பணக் கஷ்டம் விடாது என்பது எனக்குத் தெரியும். நாங்களும் வீட்டுக் கடனைப் பார்த்துப் பார்த்துத்தான் குறைத்தோம். மாதம் இரண்டு ஓ.டியை விட்டோம், ஆஸ்ட்ரோ டிவியையும் நிறுத்தினோம். என் ஓய்வுநாள் இப்போது செவ்வாய்க்கிழமை. காலையில் தூக்கம், அப்புறம் பினாங்குத் தாவரவியல் பூங்காவில் நடை. போனை வீட்டிலேயே வைத்துவிடுவேன்.

ஜெபிக்கவே வரவில்லை. வேதத்தைத் திறந்தால் எழுத்துதான் தெரிகிறது.

மூன்று மாதம் எனக்கும் அப்படித்தான். அப்போது 88ஆம் சங்கீதம் கைகொடுத்தது. "இரவும் பகலும் உம்மை நோக்கிக் கூப்பிடுகிறேன்" என்று ஆரம்பித்து, கடைசி வசனம் வரைக்கும் ஆறுதல் இல்லாமலே முடிகிற சங்கீதம் அது. சினேகிதர்கள் தூரமாகிவிட்டார்கள் என்ற புலம்பலோடு நின்றுவிடுகிறது. அதையும் வேதத்தில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அப்படியானால் என் நிலைமையும் ஜெபமாக முடியும் என்று தோன்றியது.

நீளமாக ஜெபிக்க முயற்சி செய்யாதீர்கள். நான் காலையில் கோப்பி கலக்கும்போது "ஆண்டவரே, இருக்கிறேன்" என்பேன், அவ்வளவுதான். ரோமர் 8:26ல் ஆவியானவர் வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்று இருக்கிறது. நம்மிடம் வார்த்தை இல்லாத நாளுக்கென்றே எழுதிய வசனம்.

கத்தோலிக்கத் தோழி ஒருத்தி வார நாளில் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் ஆலயத்துக்கு என்னைக் கூட்டிப்போனாள். ஜூலை 26 திருநாள் சமயத்தில் அங்கே கூட்டம் அலைமோதும். சாதாரண புதன்கிழமையில் மரமும் அமைதியும்தான். நான் மெதடிஸ்ட் வீட்டில் வளர்ந்தவள், மெழுகுவர்த்தி ஏற்றத் தெரியாது. சும்மா உட்கார்ந்திருந்தேன். யாரும் என்னிடம் எதையும் எதிர்பார்க்காத ஒரு தேவாலயத்தில் உட்காருவது வருடக்கணக்கில் அதுதான் முதல் தடவை.

டாக்டரிடம் போவது விசுவாசக் குறைவா?

இல்லை. லூக்காவைப் பவுல் "பிரியமான வைத்தியன்" என்றுதான் எழுதினார். தைராய்டு, இரத்தச் சோகை, சர்க்கரை ஆகியவையும் இதே மாதிரிச் சோர்வைத் தரும். மனச்சோர்வு நோயும் இருக்கலாம். முதலில் அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள், குடிமக்களுக்கு ஒரு வெள்ளி (ரிங்கிட்)தான். தேவைப்பட்டால் அவர்களே மனநல மருத்துவருக்குக் கடிதம் தருவார்கள். எனக்கு எட்டு மாதம் மருந்து இருந்தது. மருந்தையும் ஜெபத்தோடுதான் விழுங்கினேன்.

செத்துவிடலாம் என்ற எண்ணம் வருகிறது. இதை யாரிடமும் சொல்லவில்லை.

என்னிடம் சொன்னதற்கு நன்றி தங்கச்சி. இதை வாசிக்கிற மற்றவர்களுக்கும் சொல்கிறேன்: இன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள். பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் எண் 03-7627 2929, எந்த நேரமும் கூப்பிடலாம். சுகாதார அமைச்சின் ஹீல் (HEAL) மனநல உதவி எண் 15555. உடனடி ஆபத்து என்றால் 999, அல்லது பக்கத்து மருத்துவமனையின் அவசரப் பிரிவு. போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று பயந்து வாயை மூடிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். அந்தச் சட்டம் இப்போது இல்லை. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவை 2023ல் நீக்கிவிட்டார்கள்.

எலியா கேட்டதும் சாவைத்தான். மோசேயும் எண்ணாகமம் 11ல் அதையே கேட்டார். இரண்டு பேரையும் தேவன் தள்ளிவிடவில்லை. ஒருவருக்கு அடை கொடுத்தார், இன்னொருவருக்கு எழுபது மூப்பரைத் துணைக்குக் கொடுத்தார்.

என்னைச் சோர்வாக்கியதே சபைதான். அங்கேயே திரும்பப் போக வேண்டுமா?

இதற்கு எல்லாருக்கும் ஒரே பதில் கிடையாது. வேலை அதிகமாகி, யாரும் கவனிக்காமல் விட்டது ஒரு விதம். அதைப் பேசிச் சரிசெய்ய முடியும். உங்களை அவமானப்படுத்தி, பயமுறுத்தி, பணம் பிடுங்கி வேலை வாங்கியது வேறு விதம். அங்கே திரும்பிப் போகாமல் இருப்பதற்காகக் குற்ற உணர்ச்சி வேண்டாம். கிறிஸ்துவை விடுவதும் ஒரு சபையை விடுவதும் ஒன்றில்லை. ஆனால் தனியாக மட்டும் இருந்துவிடாதீர்கள். இரண்டு மூன்று பேர் கூடிச் சாப்பிட்டு ஜெபிக்கிற ஒரு வீடாவது இருக்கட்டும்.

என் கணவர் இப்படி இருக்கிறார். நான் என்ன செய்யட்டும்?

சமையுங்கள், அல்லது வாங்கி வையுங்கள். பிள்ளைகளை வெளியே கூட்டிப்போய் வீட்டை இரண்டு மணி நேரம் அமைதியாக விடுங்கள். "நன்மை செய்கிறதில் சோர்ந்துபோகாமல் இருப்போமாக" என்ற கலாத்தியர் 6:9ஐ அனுப்பாதீர்கள், ஏற்கெனவே பத்துப் பேர் அனுப்பியிருப்பார்கள். அதே அதிகாரத்தில் இரண்டாம் வசனம் உங்களுக்கு: "ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து". என் வீட்டுக்காரர் அந்த நாட்களில் எனக்கு ஒரு அறிவுரையும் சொல்லவில்லை. தினமும் இரவு என் வேலை உடுப்பைத் தேய்த்து மாட்டிவைப்பார்.

பழைய ஆர்வம் திரும்பி வருமா? தேவன் என்னை இன்னும் பயன்படுத்துவாரா?

இரண்டாவது கேள்விக்கு ஆம். முதல் கேள்விக்கு, அதே மாதிரி வராது என்றுதான் நினைக்கிறேன், அதற்காக இப்போது வருத்தப்படவும் இல்லை.

ஓரேபில் எலியாவுக்கு மூன்று வேலை கிடைத்தது: ஆசகேலையும் யெகூவையும் ராஜாவாக அபிஷேகம் பண்ண வேண்டும், எலிசாவைத் தன் ஸ்தானத்தில் தீர்க்கதரிசியாக்க வேண்டும். வாசித்துப் பார்த்தால் எலியா தன் கையால் செய்தது எலிசாவை அழைத்தது மட்டும்தான். மற்ற இரண்டும் எலிசாவின் நாட்களில் நடந்தேறின. "நான் ஒருவன்மாத்திரம் மீதியாயிருக்கிறேன்" என்று இரண்டு தடவை சொன்னவருக்கு, பாகால் என்ற அந்நிய தெய்வத்துக்கு முழங்கால் முடக்காத ஏழாயிரம் பேர் இருக்கிறார்கள் என்று பதில் கிடைத்தது. மறுபடி கர்மேலில் ஏறி அக்கினியை இறக்கு என்று தேவன் கேட்கவில்லை. வேலை சிறியதாகி, கூட ஒரு ஆள் வந்தார். எலியாவின் மீதி வாழ்க்கையில் எனக்கு அதிகம் பிடித்ததே அந்தத் துணைதான்.

பேதுருவும் இப்படித்தான். இயேசுவைத் தெரியாது என்று மூன்று தடவை மறுதலித்துவிட்டு, "மீன்பிடிக்கப் போகிறேன்" என்று பழைய தொழிலுக்குப் போனவர். கரையில் கரிநெருப்பும் மீனும் அப்பமும் தயாராக இருந்தன. சாப்பிட்ட பிறகுதான் இயேசுவிடமிருந்து "என்னை நேசிக்கிறாயா?" என்ற கேள்வி. அங்கேயும் சாப்பாடுதான் முதலில் வருகிறது, கவனித்தீர்களா? கேட்டதும் திறமையை இல்லை, எவ்வளவு உழைப்பாய் என்றும் இல்லை.

பால்மரத்தைப் பற்றி ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். சீவி முடித்த பக்கத்தில் சில வருடங்களில் புதுப்பட்டை வளரும். அதையும் சீவலாம், பால் வரும். ஆனால் பார்த்தாலே தெரியும், பழைய பட்டை மாதிரி இருக்காது.

எவ்வளவு நாள் பிடித்தது?

பாட்டு கேட்டுக் கண் கலங்க ஏழு மாதம். மறுபடி ஒரு பொறுப்பை எடுக்க ஒன்றே முக்கால் வருடம். உங்களுக்குக் குறையலாம், கூடவும் செய்யலாம்.

இப்போது என்ன ஊழியம் செய்கிறீர்கள்?

மாதம் இரண்டு ஞாயிறு, சின்னப் பிள்ளைகள் ஆறு பேருக்குப் பாடம். அந்த இரண்டு பெண்கள்தான் தலைமை. அவர்கள் கொடுக்கிற பாடத்தை நான் நடத்துகிறேன். முதல் சனிக்கிழமை, தனியாக இருக்கிற ஒரு பாட்டியின் வீட்டுக்கு இட்லி கொண்டுபோய்ச் சேர்ந்து சாப்பிடுவேன். வேறு ஒன்றும் இல்லை. போன மாதம் பாடல் குழுவுக்குக் கூப்பிட்டார்கள். இந்த வருடம் வேண்டாம் என்றேன். சரி அக்கா என்றார்கள்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் எலியா பாடம் வந்தது. சூரைச்செடி, தூதன், அடை எல்லாம் சொல்லி முடித்தேன். ஆறு வயதுப் பையன் கையைத் தூக்கினான். "டீச்சர், அந்த அடை யார் சுட்டது? எலியா தூங்கிட்டாரே, யாருமே பார்க்கலையா?" யாரும் பார்க்கவில்லை என்றேன். "எழுந்திரிச்சப்போ சூடா இருந்துச்சா?" தழல்மேல்தான் இருந்தது, அதனால் சூடாகத்தான் இருந்திருக்கும் என்றேன். அவன் படம் வரையும் தாளில் எலியாவை விட்டுவிட்டு, அடைக்கு மேலே ஆவி பறக்கிற மாதிரி மூன்று கோடு போட்டான்.